சிற்றலை வானொலியும் சீன ஒலிபரப்பும்

வானொலி அலைகளுள் நாட்டெல்லையை ஒரு பொருட்டாக மதியாதது சிற்றலை. பத்திரிகையை எல்லையில் நிறுத்தலாம். அஞ்சலைப் பிரித்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வானத்தில் பட்டுத் திரும்பி வரும் சிற்றலையைத் தடுப்பது எளிதன்று. இதுபற்றியே இருபதாம் நூற்றாண்டில் அரசாங்கங்கள் பலவும் பிறநாட்டு மக்களின் மொழிகளிலே பேசும் சிற்றலை நிலையங்களைப் பெரும்பொருட்செலவில் நிறுவின. இவற்றுள் சீனாவின் முயற்சி தனியே ஆராயத்தக்கது. ஒலிபரப்பும் நிலையங்களை மட்டுமன்றி, அவற்றைக் கேட்பதற்குரிய கையடக்கப் பெட்டிகளையும் பெருவாரியாகச் செய்து உலகெங்கும் அனுப்பிய நாடு அது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. அலையைப் பூமிக்குத் திருப்பும் அயனி மண்டலமே அது. அந்த மண்டலத்தைப் பற்றி உலகிற்கு மிகுதியாக அறிவித்த இடங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திற்கு அருகிலேயே உள்ளது.

தும்பாக் கடற்கரை

கழக்கூட்டத்திற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலோரமாக அமைந்த மீனவர் சிற்றூர் தும்பா. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடைய துணைவர்களும் ராக்கெட் ஏவுதளத்திற்கு இடம் தேடியபோது இவ்வூரைத் தேர்ந்ததற்கு முதற் காரணம், பூமியின் காந்த மத்திய ரேகை இதன் அருகாமையில் சென்றமையே. காந்த மத்திய ரேகை என்பது காந்த ஊசி எப்பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு. பூகோளத்தில் நாம் படிக்கும் பூமத்திய ரேகை வேறு, இது வேறு. பின்னாளில் இக்கோடு சற்றே தெற்கு நோக்கி நகர்ந்துவிட்டது; காந்தப்புலம் நிலையானதன்று என்பதற்கு இதுவே சான்று.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட்டை அமெரிக்கா தந்தது. அதன் தலையில் வைத்த சோடிய ஆவிக் கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. தூய மரிய மகதலேனா தேவாலயமே ஆய்வாளரின் அலுவலகமாயிற்று. மேல்வளி எத்திசையில் எவ்வளவு விரைவாக வீசுகிறது என்பதை அந்தச் செந்நிற ஆவி மேகத்தைக் கண்டு கணித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் பீகிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. இந்திய சீனப் போரில் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது 1962 நவம்பர் 21. தும்பாவின் முதல் ராக்கெட் கிளம்பியது சரியாக ஓராண்டு கழித்து. தேதிகள் தற்செயலாக ஒத்தவையே. ஆயினும் வானத்தை ஆராயத் தொடங்கிய ஆண்டும், அதே வானத்தின் வழியே வடக்கிலிருந்து தமிழ்க் குரல் வரத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாயிருப்பது மாணவர் நினைவில் எளிதாகப் பதியும்.

அலை செல்லும் வழி

சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளியிலுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. இவ்வாறு பிரிந்த எலெக்ட்ரான்கள் செறிந்த பகுதியே அயனி மண்டலம். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு. 100 கிலோமீட்டரையொட்டி ஈ அடுக்கு. அதற்கு மேல், 200 முதல் 400 கிலோமீட்டரும் கடந்து பரவுவது எஃப் அடுக்கு. டி அடுக்குப் பகலில் மட்டும் வலுவாக இருந்து, நீண்ட அலைகளை விழுங்குகிறது. அதனாலேயே மத்திய அலை நிலையங்கள் பகலில் அருகில் மட்டும் கேட்கின்றன. சிற்றலைகளோ டி அடுக்கைக் கடந்து சென்று எஃப் அடுக்கில் வளைந்து திரும்புகின்றன. பகலில் 15, 17 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்களும், இரவில் 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் போன்றனவும் பயன்படுவதன் காரணம், எலெக்ட்ரான் செறிவு கதிரவனைப் பின்பற்றி ஏறியிறங்குவதே.

காந்த மத்திய ரேகையின் மேலுள்ள வானில் இந்தப் பொது விதியோடு இரண்டு சிறப்புகள் சேர்கின்றன. முதலாவது, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் வலிய மின்னோட்டம். இதற்கு மத்திய ரேகை மின் அருவி என்று பெயரிடலாம். ஸிட்னி சாப்மன் 1951இல் இதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். இரண்டாவது, இன்னும் சுவையானது. பகலில் இங்குள்ள மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து எலெக்ட்ரான்களை மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிந்து இறங்குகின்றன. நீரூற்று மேலெழுந்து பக்கங்களில் விழுவதை ஒத்தது இது. இதன் விளைவாக, கதிரவன் உச்சியில் நிற்கும் காந்த மத்திய ரேகையில் செறிவு குறைந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 15 பாகை தள்ளிச் செறிவு மிகுந்தும் காணப்படுகின்றன. எட்வர்ட் ஆப்பிள்டன் 1946இல் இதனை எடுத்துக்காட்டினார். இந்தியாவில் வடக்கு முகடு ஆமதாபாத், போபால் ஆகியவற்றின் அட்சரேகையையொட்டி விழுகிறது.

இதனைச் சீன ஒலிபரப்போடு பொருத்திப் பார்க்கலாம். தென்னாசியாவை நோக்கிச் சீனா பயன்படுத்திய சிற்றலை நிலையங்களுள் முக்கியமானது ஸின்ஜியாங் தன்னாட்சிப் பகுதியின் காஷ்கரில் உள்ளது. 500 கிலோவாட் வரை ஆற்றலுடைய கருவிகள் அங்கே நிறுவப்பட்டன. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் காஷ்கரும் கழக்கூட்டமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பது புலப்படும். முன்னது 76 பாகைக் கிழக்கு. பின்னது 77 பாகைக்குச் சற்றுக் குறைவு. அட்சரேகையில் 31 பாகை வேறுபாடு; அதாவது 3,400 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. எஃப் அடுக்கின் வழியாக ஒரே தாவலில் ஓர் அலை கடக்கக்கூடிய உச்சத் தொலைவு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஆகவே அலை ஒரே தாவலில் வருமானால் அது திரும்பும் இடம் இரண்டிற்கும் நடுவே, வடக்கு 24 பாகையில், உஜ்ஜயினிக்குச் சற்று வடக்கே அமைகிறது. பண்டைக் கணிதர் தம் தீர்க்கரேகைக்கு முதலிடமாகக் கொண்ட அந்நகரின் பக்கத்து வானில்தான் தும்பாவின் நீரூற்று கொண்டுபோய்க் கொட்டிய எலெக்ட்ரான்கள் மிகுந்து நிற்கின்றன. பிற்பகலிலும் முன்மாலையிலும் இந்த வழி மிக உயர்ந்த அதிர்வெண்களையும் திருப்பி அனுப்ப வல்லதாவது இதனாலேயே.

இங்கே ஒரு தடையும் உண்டு. ஒரே தாவலில் இத்தொலைவைக் கடக்க, அலை தொடுவானத்திற்கு மேல் 2 முதல் 5 பாகைக் கோணத்திலேயே கிளம்புதல் வேண்டும். காஷ்கரின் தெற்கிலும் தென்மேற்கிலும் 7,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் நிற்கின்றன. எனவே அலையின் ஒரு பகுதி 15 பாகையையொட்டிய கோணத்தில் எழுந்து, இரு தாவல்களில் வருவதே இயல்பு. அப்பொழுது முதல் தாவல் வந்து தரையைத் தொடுமிடம் அதே உஜ்ஜயினிப் பக்கம். இரண்டாம் முறை திரும்புமிடம் தக்கணத்தின் வானம்.

கதிரவன் மறைந்தபின் காட்சி மாறும். காந்த மத்திய ரேகையையொட்டிய எஃப் அடுக்கு விரைந்து மேலெழும்பி, அதன் அடிப்பகுதி குலைந்து, செறிவு குன்றிய குமிழிகள் மேலே கிளம்புகின்றன. இதனை எஃப் அடுக்குச் சிதறல் என்பர். மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிய சமநாட் காலங்களிலும், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் இது அடிக்கடி நிகழும். இதனூடே வரும் குரல் நடுங்கும்; ஒரு நொடிக்குள் பலமுறை ஏறியிறங்கும். இரவு ஏழு, எட்டு மணியளவில் தொலைதூர நிலையத்தைக் கேட்பவர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். பழுது பெட்டியிலன்று, தலைக்கு மேலே 300 கிலோமீட்டரில் உள்ளது.

பீகிங்கிலிருந்து தமிழ்

சீனக் கம்யூனிஸ்டுகளின் வானொலி 1940 டிசம்பர் 30ஆம் நாள் யெனானில் தொடங்கியது. 1947 செப்டம்பரில் ஆங்கில ஒலிபரப்புச் சேர்ந்தது. 1949க்குப்பின் அது பீகிங் வானொலி என்று உலகறியப்பட்டு, 1993 முதல் சீன வானொலி நிலையம் என்னும் பெயர் பெற்றது. இந்திய மொழிகளில் ஹிந்தி 1959இலும் தமிழ் 1963இலும் தொடங்கின. தமிழ் பயின்ற சீனர் தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு பேசினர். இத்தமிழில் ஆங்கிலக் கலப்பு அரிது. பேச்சு வழக்கும் அரிது. தமிழகத்து ஊர்களில் நேயர் மன்றங்கள் தோன்றின. கடிதம் எழுதியவர்க்கு உறுதி அட்டை, நாட்காட்டி, படப் புத்தகம் ஆகியவை வந்தன. சீனாவைப் பற்றிய பொது அறிவுப் போட்டிகளில் வென்றவர் சிலர்க்குச் சீனப் பயணமும் பரிசாகக் கிடைத்தது.

வெளிநாட்டிற்கு இவ்வாறு சிற்றலையில் பேசிய அதே காலத்தில், சீனக் கிராமங்களுக்குள் செய்தி சென்றது பெரும்பாலும் கம்பி வழியாக. கோடிக்கணக்கான ஒலிபெருக்கிகள் கம்பியால் இணைக்கப்பட்டன. கம்பி ஒலிபெருக்கியில் முள்ளைத் திருப்பி வேறு நிலையம் கேட்க இயலாது. பிற்காலத்தில் வெளிநாட்டுச் சீனமொழி ஒலிபரப்புகளின் மேல் ஓயாத மேளதாள இசையை ஏவி மறைத்ததும் நேயர் உலகம் நன்கறிந்தது. சிற்றலையின் வலிமையை உள்ளும் புறமும் ஒருங்கே உணர்ந்த அரசாங்கம் அது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் செல்வாக்கு என்பதை அளவிடுதல் எளிதன்று. யாங்சி ஆற்றின் நீளத்தைச் சரியாக எழுதிப் பரிசு பெற்றவர் சீனக் கொள்கையை ஏற்றவர் ஆகிவிடார். பலர் அதனைக் கேட்டது தொலைவிலிருந்து தம் மொழி ஒலிக்கும் வியப்பிற்காக. சிலர் தம் பெட்டியின் திறத்தைச் சோதிப்பதற்காக. செய்தியின் பக்கச்சார்பை நேயர் அறியாதிருந்தனர் என்று கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும். செல்வாக்கு வேறு வகையில் வருகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் தவறாமல் வரும் குரல், காலப்போக்கில் வீட்டு மனிதரின் குரலாகிவிடுகிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமைக்காகக் கொழும்பை அடுத்த ஏகலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, போருக்குப்பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் அங்கே வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் ஏறத்தாழ இல்லையென்னும் அளவிற்குக் குறைந்தன. நேயர்கள் முள்ளைக் கொழும்பு நோக்கித் திருப்பினர். மயில்வாகனன், அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளரின் பெயர்கள் தமிழகத்து வீடுகளில் வழங்கலாயின. 1957இல் விவித பாரதி தொடங்கியே இழந்த நேயர்களை ஓரளவு மீட்க வேண்டியிருந்தது. கொழும்பு எந்தக் கொள்கையையும் பரப்பவில்லை. பாட்டை மட்டுமே ஒலிபரப்பியது. நம் நிலையம் விட்ட இடத்தில் அயல் நிலையம் வந்து அமர்ந்தது.

பெட்டியின் வரலாறு

குழந்தைப் படம் பொறித்த மர்பி, புஷ், பிலிப்ஸ் என்னும் பெயர்கள் ஒரு தலைமுறையின் கூடத்தை அலங்கரித்தன. வால்வுப் பெட்டியாயினும் டிரான்ஸிஸ்டர்ப் பெட்டியாயினும் அவற்றின் உள்ளமைப்பு ஒன்றே. ஏரியலில் விழும் அலையோடு பெட்டிக்குள்ளேயே தோற்றுவிக்கும் மற்றோர் அலையைக் கலந்து, 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் நடு அதிர்வெண்ணுக்கு மாற்றி, அதனைப் பெருக்கி, குரலைப் பிரித்தெடுத்தல். இந்நடு அதிர்வெண் சுருள்களின் தலையிலுள்ள காந்த மையத்தைச் சிறு திருப்புளியால் திருகித் திருகி ஒத்திசைவிக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தேர்ந்த தொழிலாளியின் செவியும் கையும் தேவைப்பட்டன. பெட்டியின் விலையில் இந்த உழைப்புக்கும் கணிசமான பங்கு உண்டு.

1990களுக்குப்பின் சிற்றலைப் பெட்டித் தொழில் குவாங்துங் மாகாணத்திற்குப் பெயர்ந்தது. துங்குவானின் டெக்ஸன், ஷென்ஜெனின் டீஜன் ஆகியவை பெயர்பெற்றன. மேனாட்டு வாணிகப் பெயர் தாங்கி விற்கப்பட்ட பெட்டிகள் பலவும் இவ்வாலைகளிலேயே செய்யப்பட்டன. அடுத்த மாற்றம் வந்தது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து. சிலிக்கன் லாபரட்டரீஸ் நிறுவனம் செய்த எஸ்.ஐ. 4734 போன்ற சில்லுகள், ஏரியலில் விழுந்த அலையை விரைவிலேயே எண்களாக மாற்றி, அதன்பின் வேண்டும் நிலையத்தைப் பிரித்தல் அனைத்தையும் கணக்காகவே செய்தன. 6, 4, 3, 2, 1 கிலோஹெர்ட்ஸ் என அலைவரிசையின் அகலத்தைப் பொத்தானை அழுத்தியே குறைக்கலாம். திருகவேண்டிய சுருள் இல்லை. திருகும் தொழிலாளியும் இல்லை. டெக்ஸன் பி.எல். 310 முதலிய கையடக்கப் பெட்டிகள் இவ்வழியில் வந்தவை. விரல்நுனியளவு சில்லு, வெள்ளைத் திரை, நீட்டிச் சுருக்கும் கம்பி, இவ்வளவே. முற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த திறம் சட்டைப்பைக்குள் வந்தது. கருத்து அமெரிக்காவினது, தொழில் சீனாவினது என்பது இங்கே கவனித்தற்குரியது.

மேனாட்டு நிலையங்கள் சிற்றலையைக் கைவிட்டு இணையத்திற்குச் செல்லத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் இப்பெட்டிகள் மலிந்தன. கேட்கும் கருவி பெருகியபோது பேசுவோர் குறைந்தனர்.

கழக்கூட்டத்தின் சுற்றுப்புறம் இவ்வகையில் பின்தங்கியதன்று. கேரள அரசின் மின்னணுத் தொழில் நிறுவனமான கெல்ட்ரான் 1973இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 1990இல் கழக்கூட்டத்தை அடுத்து டெக்னோபார்க் எழுந்தது. ஆனால் அங்கே பெருகியது கணிப்பொறிக்கான நிரல் எழுதும் தொழிலே. எண்முறையில் அலையைப் பிரிக்கும் நிரலை எழுதக்கூடிய பொறியாளர் இங்கே ஏராளமாயிருக்க, மலிவான பெட்டியைச் செய்யும் ஆலை துங்குவானில் நிலைத்தது.

காலியான இடம்

திருவிதாங்கூர் அரசு 1943இல் தொடங்கிய வானொலி நிலையம் 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியின் பகுதியாயிற்று. திருவனந்தபுரத்தின் சிற்றலை ஒலிபரப்பு 5010 கிலோஹெர்ட்ஸிலும் 7290 கிலோஹெர்ட்ஸிலும் நெடுங்காலம் கேட்டது. 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும்: முன்னது ஏறத்தாழ 60 மீட்டர், பின்னது 41 மீட்டர். 60 மீட்டர் வெப்ப நாடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட அலைவரிசை. மின்னல் இரைச்சல் மிகுந்த இந்நாடுகளில் மத்திய அலை தெளிவாகக் கேட்பதில்லை என்பதே காரணம். பெங்களூரில் 1994இல் 500 கிலோவாட் சிற்றலைக் கருவிகளும் நிறுவப்பட்டன. எனினும் பின்னைய ஆண்டுகளில் நாடெங்கும் சிற்றலை ஒலிபரப்புச் சுருங்கியது.

1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாள் நின்றது. அதே ஆண்டு ஜனவரி 31இல் ஆஸ்திரேலிய வானொலி தன் சிற்றலையை நிறுத்தியது. அது விட்ட அதிர்வெண்கள் சிலவற்றில் சீன வானொலி ஒலிக்கலானது 2018இல் வெளிவந்த செய்தி. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிபரப்பில் பெரும்பகுதி 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. சிற்றலை அதிர்வெண்கள் பருவந்தோறும் நாடுகளிடையே கலந்து பேசிப் பகிரப்படுபவை. பயன்படுத்துவோர் விலகினால் வேண்டுவோர் பெறுவர்.

இழப்பு நேயர்க்கு மட்டுமன்று. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வலுத்தபோது, பூந்துறை, விழிஞ்ஞம், குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் ஆகியவற்றிலிருந்து நாட்கள் பலவற்றிற்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசி கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் பயன்படுவதில்லை. நூற்றுக்கணக்கான மீனவர் திரும்பவில்லை. அதன்பின் 2019 அக்டோபரில், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவி மீனவர்க்காக வெளியிடப்பட்டது. அது நல்ல கருவி. ஆயினும் 60 மீட்டர் அலை, நேர்மேலே எழுந்து அயனி மண்டலத்தில் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் இறங்கும் இயல்புடையது. அதனை ஏற்க ஒரு மலிவான பெட்டியும் மூன்று மின்கலங்களும் போதும். இவ்விரண்டையும் மாற்றாகக் கருதாமல் துணையாகக் கருதுவதே தக்கது.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்க பயிற்சி

இப்பாடத்தை விளக்க ஆசிரியர்க்கு வேண்டுவன சிற்றலைப் பெட்டி ஒன்றும், ஏழெட்டு மீட்டர் செப்புக் கம்பியும், ஒரு குறிப்பேடும் மட்டுமே. கம்பியை வீட்டு மின்கம்பிகளுக்கு எட்டத்தில், மரத்திலிருந்து சாளரம் வரை கட்டுதல் வேண்டும். இடி மின்னல் வேளையில் அவிழ்த்துவிட வேண்டும். இன்றைய வீடுகளில் எல்.ஈ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் சிற்றலையில் பேரிரைச்சல் எழுப்புகின்றன. எனவே பெட்டியை மின்கலத்தில் இயக்கி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, எதனால் இரைச்சல் என்பதை மாணவரையே கண்டுபிடிக்கச் செய்யலாம்.

பின்னர், 31 மீட்டர் அலைவரிசையில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, வலுவாகக் கேட்கும் தொலைதூர நிலையம் ஒன்றைத் தேர்ந்து, கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் வரை, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அதன் வலிமையையும் நடுக்கத்தையும் 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் குறித்தல் வேண்டும். 5 தெளிவு, 1 கேளாமை. சமநாட் காலத்தில் ஒரு வாரமும் டிசம்பரில் ஒரு வாரமும் இதனைச் செய்து இரு வரைபடங்களையும் அருகருகே ஒட்டினால், எஃப் அடுக்குச் சிதறல் பருவத்தோடு மாறுவது தெரியக்கூடும். தென்கோடி மாவட்டங்களில் உள்ள பள்ளியும் மத்தியப் பிரதேசத்தில் உள்ள பள்ளியும் ஒரே நிலையத்தை ஒரே நாளில் கேட்டுக் குறித்தால் இன்னும் பயன் உண்டு.

உயர் வகுப்பு மாணவர்க்கு மற்றொரு பயிற்சி. ஒரே நாளின் ஒரு செய்தியை இரு நாட்டு நிலையங்களில் கேட்டு, எதனை இருவரும் சொன்னார்கள், எதனை ஒருவர் மட்டும் சொன்னார், எதனை இருவரும் விட்டார்கள் என்று மூன்று பத்தியாக எழுதச் செய்தல். மூன்றாம் பத்தியை நிரப்ப மறுநாள் பத்திரிகை தேவைப்படும்.

குறிப்பேட்டில் எழுதும் நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுதல் வேண்டும். இரண்டிற்கும் ஐந்தரை மணி வேறுபாடு. நிலையங்களுக்கு அனுப்பும் அறிக்கைகளில் உலகப் பொது நேரமே வழக்கம்.